லா ஷப்பலில் மைக் இல்லாத ஒரு கச்சேரி

கோவையில் ஒரு நூற்பாலையின் பராமரிப்புப் பிரிவில் இருபத்தெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். இயந்திர இரைச்சலுக்குள் நின்று நின்றே காது கெட்டுவிட்டது. முழுவதும் போகவில்லை. உயர்ந்த சுருதிகள்தான் முதலில் போகும் என்று டாக்டர் சொன்னார், அப்படியே போயின. காது மிஷின் போட்டுக்கொண்டு பெரிய அரங்கில் கச்சேரி கேட்கப் போனால், அங்குள்ள ஒலிபெருக்கியின் சத்தமும் என் மிஷினின் சத்தமும் சேர்ந்து தகர டப்பாவுக்குள் உட்கார்ந்திருப்பதுபோல் ஆகிவிடுகிறது. அதனால் நான்கைந்து வருடங்களாகப் பெரிய அரங்குகளை விட்டுவிட்டேன். எந்த ஊருக்குப் போனாலும், ஐம்பது பேருக்குள் அடங்கும் அறையில், மைக் இல்லாமல், பாடுகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும்படி ஏதாவது கச்சேரி இருக்கிறதா என்று தேடிப்போவது வழக்கமாகிவிட்டது. இந்த வலைப்பதிவைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு இது தெரிந்த கதை. புதிதாக வந்தவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிட்டேன்.

சென்ற நவம்பரில் மிலானில் நடந்த ஒரு இயந்திரக் கண்காட்சிக்கு ஆலையிலிருந்து என்னை அனுப்பினார்கள். திரும்பும்போது நான்கு நாள் விடுப்புப் போட்டுப் பாரிஸ் வழியாக வந்தேன். லா ஷப்பல் பகுதியில் மாதத்தின் கடைசி ஞாயிறன்று ஒரு சின்ன அறையில் கர்நாடக இசைக் கச்சேரி நடக்கிறது என்று இந்தப் பதிவின் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். கூடவே அதை நடத்தும் அன்ரன் என்பவரின் எண்ணையும் அனுப்பியிருந்தார். என் விடுப்பில் அந்த ஞாயிறும் வந்தது. ஈபிள் கோபுரத்தை நான் பார்க்கவில்லை என்பதை முன்கூட்டியே ஒத்துக்கொள்கிறேன். அதற்காக இங்கே வந்தவர்கள் வேறு பதிவுகளைப் பார்க்கலாம்.

சார்ல் து கோல் விமான நிலையத்திலிருந்து ஆர்.இ.ஆர் பி ரயில் பிடித்தால் முக்கால் மணி நேரத்துக்குள் கார் து நோர் நிலையம் வந்துவிடும். நான் போனபோது டிக்கெட் பதின்மூன்று யூரோ. அங்கிருந்து நிலத்தடி வழியாகவே லா ஷப்பல் மெட்ரோவுக்கு நடக்கலாம், ஆனால் பெட்டி இருந்தால் மேலே ஏறித் தெருவழியாகப் போவதே நல்லது. நான் தங்கியது அதற்கு அடுத்த மெட்ரோ நிறுத்தமான ஸ்டாலின்கிராடில். அறை வாடகை ஒரு இரவுக்குத் தொண்ணூற்று நான்கு யூரோ. ஜன்னலைத் திறந்தால் தலைக்கு மேலே பாலத்தில் மெட்ரோ ஓடும். அந்தச் சத்தம் எனக்கே கேட்டது என்றால் மற்றவர்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளியும் சனியும் ஊரின் நடுப்பகுதியில் இரண்டு இடங்களுக்குப் போனேன். ஒன்று நிலவறையில் நடக்கும் ஜாஸ். அறை சின்னதுதான், ஆனால் அந்தச் சின்ன அறைக்கும் நான்கு ஸ்பீக்கர் வைத்திருந்தார்கள். அரை மணி நேரத்தில் எழுந்துவிட்டேன். இன்னொன்று ஒரு பழைய தேவாலயத்தில் தனி செல்லோ. நன்றாக இருந்தது, ஆனால் கல் கட்டடத்தில் எதிரொலி அதிகம், எனக்கு ஒரு சுரமும் அடுத்த சுரமும் ஒட்டிக்கொண்டுவிட்டன. இரண்டுக்கும் இருபது யூரோவுக்கு மேல். காது சரியாக உள்ளவர்களுக்கு இரண்டையும் தாராளமாகச் சிபாரிசு செய்வேன்.

ஞாயிறு மதியம் ஸ்டாலின்கிராடிலிருந்து நடந்தே போனேன். மெட்ரோ பாலத்தின் அடியிலேயே மேற்கு நோக்கி நடந்தால் பத்துப் பன்னிரண்டு நிமிடம். ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவின் வடக்கு முனைக்குள் நுழைந்ததும் கடைப் பலகைகள் தமிழுக்கு மாறின. புறநகர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து வாரத்துக்கான சாமான் வாங்கிக்கொண்டிருந்தார்கள். முகவரி தெரியாமல் ஒரு மளிகைக் கடையில் கேட்டேன். கல்லாவில் இருந்தவர் என் பேச்சைக் கேட்டதும், "இந்தியாவோ?" என்றார். ஆமாம் என்றேன். "அன்ரன் அண்ணையின்ரை கச்சேரிதானே? இந்தக் குறுக்கு ரோட்டிலை திரும்புங்கோ. பச்சைக் கதவு. உள்ளை முற்றம் ஒண்டு வரும், அதுக்கு அங்காலை" என்றார்.

பச்சைக் கதவுக்கு உள்ளே முற்றம், முற்றத்தின் கோடியில் முன்பு துணிக்கிடங்காக இருந்த ஓர் அறை. வார நாட்களில் பிள்ளைகளுக்கு நடனமும் மிருதங்கமும் சொல்லிக்கொடுக்கும் இடமாம். நாற்பது நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மேடை இல்லை. சமுக்காளம் விரித்திருந்தார்கள். கட்டணம் பன்னிரண்டு யூரோ, தேநீரும், உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த ஒரு ரோல்ஸும் அதில் அடக்கம். அன்ரன் வாசலிலேயே நின்று கைகொடுத்தார். மன்னாரைச் சேர்ந்தவர், ஐம்பது வயது இருக்கும், நகராட்சி அலுவலகம் ஒன்றில் வேலை. வீட்டில் தேவாலயப் பாட்டுத்தான் கேட்டு வளர்ந்ததாகவும், கர்நாடக இசை தனக்கு இங்கே வந்த பிறகுதான் பிடித்துப்போனது என்றும் சொன்னார். என் காது பற்றிச் சொன்னதும் வேறொன்றும் கேட்காமல் முன்வரிசையில் ஓரமாக ஒரு நாற்காலியைக் காட்டினார்.

அன்று பாடவிருந்தவர் சுகந்தி. யாழ்ப்பாணத்துக்காரர், இப்போது புறநகரான செவ்ரானில் வீடு. வயலின் அவருடைய கணவர் குலேந்திரன். கல்யாணமான நாளிலிருந்து அவர் பாட இவர் வாசிப்பதுதான் வழக்கம் என்றும், இந்த ஊரில் இருவரையும் தனித்தனியாக யாரும் அழைத்ததில்லை என்றும் அன்ரன் சொன்னார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். இரண்டு வருடத்துக்கு முன்பு சுகந்திக்குக் கழுத்தில் தைராய்டு அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. அதற்குப் பிறகு மேல் குரல் வரவில்லை. ரோந்தேவு, ரோந்தேவு என்று நாள் குறித்து வாங்கி டாக்டர்களிடம் அலைந்து, குரல் பயிற்சியும் செய்து, இன்றுதான் முதல்முறையாக வெளியாட்கள் முன்னால் பாடுகிறார். வசந்த காலத்தில் எண்ணூறு பேர் உட்காரும் ஒரு மண்டபத்தில் தனிக் கச்சேரிக்கு அவரைக் கேட்டிருக்கிறார்கள். அறுவை சிகிச்சைக்கு முன்பே வந்திருக்க வேண்டிய அழைப்பு அது. இன்று எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு அதற்குப் பதில் சொல்வதாக இருக்கிறார்கள். "குலேந்திரன் அண்ணைக்குத்தான் அதிலை சரியான விருப்பம்" என்று அன்ரன் சொன்னார்.

மூன்றரைக்குத் தொடங்கியது. முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள், பாதிக்கு மேல் யாழ்ப்பாணத் தமிழர், சில பிரெஞ்சுக்காரர்கள். சுகந்தி மெலிந்தவர். கழுத்தில் ஒரு பருத்திச் சால்வையைச் சுற்றியிருந்தார். முன்பு ஐந்து கட்டைச் சுருதியில் பாடியவர் இப்போது நான்குக்கு இறக்கியிருக்கிறார் என்று பக்கத்து நாற்காலிக்காரர் என்னிடம் சொன்னார். குலேந்திரன் சுருதி சேர்த்துவிட்டு மனைவியை ஒருமுறை பார்த்தார். அவர் தலையசைத்ததும் ஆரம்பித்தார்கள்.

முதல் இரண்டு பாட்டும் நன்றாகப் போயின. குரலில் லேசான கரகரப்பு, ஆனால் சொற்கள் ஒவ்வொன்றும் தெளிவு. எனக்கு எட்டடி தூரம். மிருதங்கத்தின் தோல் அதிர்வதை நாற்காலிக் காலில் உணர முடிந்தது. அவர் மூச்சு இழுப்பதும் கேட்டது. காசு கொடுத்துக் கேட்ட எத்தனையோ பெரிய கச்சேரிகளில் நான் ஒரு பாடகரின் மூச்சைக் கேட்டதில்லை. மேல் ஸ்தாயிக்குப் போக வேண்டிய இடங்களில் சுகந்தி தொடங்கிவைப்பார், வயலின் போய் முடித்துவிட்டு வரும். அதை அவ்வளவு நேர்த்தியாகச் செய்தார்கள். முன்பே தெரிந்திருக்காவிட்டால் எனக்கு அது புரிந்திருக்காது.

மூன்றாவதாகக் கல்யாணி ஆலாபனை. மெதுவாகக் கட்டிக்கொண்டு போனார். நடுவில் நின்று, சுற்றி, மறுபடியும் ஏறினார். மேல் ஸட்ஜத்துக்குக் கீழே நிஷாதத்தில் நெடுநேரம் நின்றார். இனி மேலே போயே ஆக வேண்டும் என்று அறையிலிருந்த எல்லோருக்கும் தெரிந்தது. போனார். குரல் வரவில்லை. காற்று மட்டும் வந்தது.

இரண்டாம் முறையும் நிஷாதத்திலிருந்து எடுத்தார். அதேதான். அந்த நேரத்தில் குலேந்திரன் வில்லை எடுத்து அந்த மேல் ஸட்ஜத்தைத் தொட்டார். அழகான ஸட்ஜம். யாரும் ஒரு குறையும் சொல்லியிருக்க மாட்டார்கள். கச்சேரி அப்படியே நகர்ந்திருக்கும்.

சுகந்தி கையை நீட்டி வில்லின் மேல் வைத்தார்.

"இஞ்சாருங்கோ, அதை வாசியாதேங்கோ" என்றார்.

வயலின் நின்றது. மிருதங்கக்காரர் கையை மடியில் வைத்துக்கொண்டார். சுருதிப் பெட்டி மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது. முற்றத்துக்கு அப்பால் மெட்ரோ ஒன்று பாலத்தைக் கடந்தது. என் பின்னாலிருந்த வரிசையில் ஓர் இளம்பெண் எழுந்தாள். சுகந்தியின் மகள் அபிரா அவள், இங்கேயே பிறந்து வளர்ந்தவள் என்று பிறகு தெரிந்தது. பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். நிறுத்திவிடுங்கள் அம்மா, போதும் என்று பொருள் என அன்ரன் பின்னால் விளக்கினார். அப்போது எனக்கு அவள் குரல் நடுங்கியது மட்டும்தான் தெரிந்தது.

"இரு பிள்ளை" என்றார் சுகந்தி. மகள் உட்காரவில்லை. சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள்.

அன்ரன் எழுந்து, தேநீர் இடைவேளை விட்டுவிடலாமா என்று மெதுவாகக் கேட்டார். வேண்டாம் என்று தலையசைத்தார் சுகந்தி. பிறகு எங்கள் எல்லோரையும் பார்த்தார். எட்டடி தூரத்தில் உட்கார்ந்திருப்பவரின் கண்ணைத் தவிர்க்க முடியாது. பெரிய மண்டபத்தில் விளக்கை அணைத்துவிடுவார்கள், பாடுகிறவருக்கு நாம் தெரிய மாட்டோம். இங்கே அவருக்கு எங்கள் ஒவ்வொருவரின் முகமும் தெரிந்தது.

"ஒப்பரேசனுக்குப் பிறகு எனக்கு மேலை போகேலாது. இண்டைக்கு வரும் எண்டு நினைச்சன். வரேல்லை" என்றார். கொஞ்சம் தண்ணீர் குடித்தார். "இவ்வளவு நேரமும் இவர்தான் அதை எனக்காக வாசிச்சவர். வீட்டிலையும் அப்பிடித்தான் பழகினனாங்கள். நல்ல மனசோடைதான் செய்யிறார். ஆனா நான் பாடாததை நான் பாடினதெண்டு நீங்கள் கேக்கிறது எனக்குச் சரியாப் படேல்லை."

யாரும் கைதட்டவில்லை. அதற்காக அந்த முப்பது பேருக்கும் நான் இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன். அப்போது ஒருவர் கைதட்டியிருந்தால்கூட அது ஆறுதல் பரிசு மாதிரி ஆகியிருக்கும். குலேந்திரன் தலையைக் குனிந்து வில்லின் ரோமத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய காது மடல்கள் சிவந்திருந்தன. மனைவியின் குறையை மறைக்க ஒரு மனிதர் தன் கையால் முடிந்ததையெல்லாம் செய்திருக்கிறார். அது எல்லோர் முன்னாலும் வேண்டாமென்று ஆகிவிட்டது. அவரைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது, பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

சுகந்தி சுருதிப் பெட்டியின் சத்தத்தைக் குறைத்தார். "பின்னுக்கு இருக்கிறாக்கள் கிட்ட வாங்கோ. நான் கீழைதான் பாடப்போறன், அங்கை கேக்காது" என்றார்.

நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் முன்னால் வந்தோம். சிலர் சமுக்காளத்தின் விளிம்பிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். ஒரு வயதான பிரெஞ்சுத் தம்பதி என்ன நடக்கிறதென்று புரியாமல் நிற்க, அபிராதான் சுவரோரத்திலிருந்து வந்து அவர்களுக்கு விளக்கி, தன் கையாலேயே அவர்களின் நாற்காலிகளை நகர்த்தினாள். அப்புறம் அவளும் தரையில் உட்கார்ந்தாள். எனக்கும் சுகந்திக்கும் இடையில் இப்போது நான்கடிகூட இருக்காது. இவ்வளவு பக்கத்தில் மிஷின் துணிச் சரசரப்பைத்தான் பெரிதாக்கிக் காட்டும் என்பதால் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன்.

அதே கல்யாணியைத் தொடங்கினார். இந்தமுறை ஸட்ஜத்திலிருந்து கீழே இறங்கினார். கல்யாணியைக் கீழ் ஸ்தாயியில் யாரும் இவ்வளவு நேரம் பாடிக் கேட்டதில்லை. பெரிய அரங்கில் அது எடுபடாது என்று எல்லோரும் தொட்டுவிட்டு மேலே போய்விடுவார்கள். சுகந்தி அங்கேயே இருந்தார். கீழ் நிஷாதம், தைவதம், பஞ்சமம். பஞ்சமத்தில் குரல் பேசுகிற அளவுக்கே இருந்தது. அங்கே ஒவ்வொரு சுரத்தையும் வைத்துப் பார்த்து, திருப்பி, அடுத்ததற்கு நகர்ந்தார். எனக்கு எல்லாமே கேட்டன. காது கெட்ட பிறகு, ஒன்றுகூட விடாமல் நான் கேட்ட முதல் ஆலாபனை அதுதான். அது முடிகிறவரை குலேந்திரன் வாசிக்கவில்லை. வயலினை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஆலாபனைக்குப் பிறகு ஒரு சின்னப் பாட்டு, அம்மனைப் பற்றியது. மிருதங்கக்காரர் விரல் நுனியால் மட்டும் தட்டினார். இரண்டாவது வரியை சுகந்தி திரும்பப் பாடும்போது கணவரைப் பார்த்தார். அவர் வயலினைத் தூக்கி, அடித் தந்தியில், மனைவி பாடிய அதே இடத்தில், அதற்கு மேலே ஒரு சுரமும் போகாமல் கூடவே வந்தார். பாட்டு முடிந்தது. அப்புறம்தான் கைதட்டினோம்.

ஐந்தரைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தேநீர் வந்தது, ரோல்ஸ் வந்தது. சுகந்தி அதிகம் பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால் பலரும் கையைப் பிடித்துவிட்டு நகர்ந்தார்கள். நான் என் காதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி, "நீங்க கீழே பாடினது முழுசும் எனக்குக் கேட்டுச்சுங்க" என்றேன். அவர் கழுத்துச் சால்வையைச் சரிசெய்துகொண்டார். "எனக்கு முதலிலை பயமாத்தான் இருந்தது. அங்கை பாட எனக்கு ஒண்டும் இல்லை எண்டுதான் நினைச்சிருந்தன்" என்றார்.

பெட்டியில் வயலினை வைத்துக்கொண்டிருந்த குலேந்திரனிடம், பெரிய மண்டபத்துக்கு இல்லையென்று சொல்லிவிடுங்கள் என்றார் சுகந்தி. நான் அங்கேயே நின்றிருந்ததால் இதைக் கேட்க நேர்ந்தது. அவர் வில்லின் திருகைத் தளர்த்திக்கொண்டே, "இன்னும் நாள் கிடக்கு, ரதி. நீர் அவசரப்பட்டுச் சொல்லாதையும்" என்றார். ரதி என்பது வீட்டுப் பெயர் போலும்.

"நாள் கிடக்கிறதெண்டு நீங்கள் காத்துக்கொண்டு இருப்பியள். அதுதான் வேண்டாம் எண்டுறன். இஞ்சை வாற மாசமும் பாடுவன்."

அவர் பெட்டியை மூடினார். மூடிய பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அபிரா வந்து அப்பாவின் கோட்டை எடுத்துக் கொடுத்து, பிரெஞ்சில் ஏதோ சொல்லி, அவர் முதுகில் கைவைத்துக் கூட்டிப்போனாள். செவ்ரானுக்கு அவர்களுக்கும் ஆர்.இ.ஆர் பி ரயில்தான். கார் து நோர் வரை நால்வரும் ஒன்றாகவே நடந்தோம். கடைகள் இன்னும் திறந்திருந்தன. சுகந்தி ஒரு கடையில் நின்று கீரையும் வெற்றிலையும் வாங்கினார். குலேந்திரன் பையை வாங்கிக்கொண்டார். நிலையத்து வாசலில் அவர் என் கையைப் பிடித்து, "அவ இண்டைக்குப் பாடினது நல்லா இருந்ததோ? உண்மையைச் சொல்லுங்கோ" என்று கேட்டார். இருந்தது என்றேன். "எனக்கு ஒண்டும் கேக்கேல்லை. அவ விழுந்திடுவாவோ எண்டு பாத்துக்கொண்டே இருந்திட்டன்" என்றார்.

அறைக்குத் திரும்பியும் அந்தச் சொல் என்னை விடவில்லை. சின்ன அறைக் கச்சேரி என்றால் சுகமான அனுபவம் என்றுதான் இத்தனை நாளும் இந்தப் பதிவில் எழுதிவந்திருக்கிறேன். நெருக்கம், தெளிவு, தேநீர். அது உண்மைதான். ஆனால் அந்த நெருக்கத்துக்குப் பாடுகிறவர் கொடுக்கும் விலை என்ன என்பதை அன்றுதான் பார்த்தேன். அங்கே ஒளிந்துகொள்ள இடமில்லை. கேட்கிறவர்களுக்கும் இல்லை. அவர் தடுமாறும்போது நாம் எந்த முகத்தோடு உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியும்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். முன்கூட்டிச் சொல்லிவைக்காமல் போகாதீர்கள், நாற்பது நாற்காலிதான். எண் வேண்டுமென்றால் எனக்கு எழுதுங்கள், அன்ரனிடம் கேட்டுவிட்டு அனுப்புகிறேன். ஞாயிறன்று மெட்ரோவில் கூட்டம் இருக்கும், ஒருமுறைப் பயணத்துக்கு இரண்டரை யூரோ, ஆனால் ஸ்டாலின்கிராடிலோ கார் து நோரிலோ தங்கினால் டிக்கெட்டே தேவையில்லை, நடந்துவிடலாம். முற்றத்துக்கு மேலே குடியிருப்பவர்கள் இருக்கிறார்கள், வெளியே நின்று சத்தமாகப் பேசக்கூடாது. கைப்பேசியில் பதிவு செய்யாதீர்கள். யாரும் தடுக்க மாட்டார்கள், அதனால்தான் சொல்கிறேன். காது மிஷின் போடுகிறவர்கள் முன்னால் கேட்டு வாங்கி உட்காருங்கள், வெட்கப்பட வேண்டியதில்லை. நவம்பரில் அறைக்குள்ளும் குளிரும், கால் உறை தடிமனாக இருக்கட்டும். சாப்பாட்டுக்கு அந்தத் தெருவில் பத்து யூரோவுக்குள் வயிறு நிறையும்.

இந்தப் பதிவை எழுதி வைத்துவிட்டு, பெயர்களைப் போடலாமா என்று கேட்டு அன்ரனுக்கு எழுதினேன். வேறு பெயர் போடச் சொன்னார்கள், அப்படியே செய்திருக்கிறேன். டிசம்பர் கச்சேரி முடிந்த மறுநாள் அவரிடமிருந்து இன்னொரு செய்தியும் வந்தது. அதை அவர் எழுதியபடியே தருகிறேன்.

"அண்ணை, நேற்று அக்கா பாடினவ. முழுக்கக் கீழதான். வயலின் இல்லை, மிருதங்கம் மட்டும். குலேந்திரன் அண்ணை காசு குடுத்து ரிக்கற் எடுத்து முன்வரிசையில இருந்தவர். கலியாணம் கட்டினதுக்குப் பிறகு அவ பாட, தான் சும்மா இருந்து கேட்டது இதுதான் முதல் தரமாம்."